எருக்குழியிலிருந்து வழிகிற கறுப்புத் தண்ணீர்

(மாட்டுக் கடன் பெற்ற உறுப்பினர்களுக்காக, கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் தவணை, வங்கி விஷயம் எல்லாம் பேசி முடிச்சாச்சு. இனி நம்ம வீட்டுத் தொழுவத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

போன மாதம் குழுக்களைப் பார்க்க வந்தபோது வயதான ஒரு பாட்டி எங்களிடம் கேட்டார்: "மக்களே, உரக்கடை உரத்தை விட்டு மூணு வருசம் ஆச்சு. மாட்டுச் சாணம் அள்ளி அள்ளிப் போடுதோம். ஆனா வாழையைப் பாத்தா மஞ்சப் பிடிச்சு நிக்குது. சாணத்துக்குச் சத்து இல்லியா?" நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டின் பின்புறம் போய்ப் பார்த்தோம். தொழுவத்துக்குப் பக்கத்தில், திறந்த வெளியில், ஆள் உயரத்துக்குச் சாணக் குவியல். அன்றைக்குக் காலையில்தான் நல்ல மழை பெய்திருந்தது. குவியலின் அடியிலிருந்து கட்டன் காப்பி மாதிரி கறுப்பாக ஒரு தண்ணீர் வழிந்து, முற்றத்தைத் தாண்டி ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. "பாட்டி, உங்க வாழைக்குப் போக வேண்டிய சத்து அதோ போகுது பாருங்க" என்று காட்டினோம். இன்றைக்கு நாம் பேசப் போவது அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பற்றித்தான்.

தேங்காய்ப் பால் பிழிகிற மாதிரி

நாம எல்லாரும் தேங்காய்ப் பால் எடுக்கிறவர்கள்தான். துருவின தேங்காயில் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் முதலில் ஒண்ணாம் பால் வரும், கெட்டியாக இருக்கும். அப்புறம் ரெண்டாம் பால், மூணாம் பால். கடைசியில் கையில் மிஞ்சுவது சக்கை. பாயசத்துக்கு யாராவது ஒண்ணாம் பாலைக் கொட்டிவிட்டுச் சக்கையைப் போடுவோமா?

ஆனால் சாணக் குவியலை மழையில் விடும்போது நாம் செய்வது அதுதான். மழை அதைப் பிழிகிறது. ஒண்ணாம் பால் ஓடைக்குப் போகிறது. ரெண்டாம் பால் மண்ணுக்குள் இறங்குகிறது. மிச்சம் இருக்கிற சக்கையைக் கடவத்தில் அள்ளி, தலையில் சுமந்து, வாழை மூட்டில் கொண்டு போடுகிறோம். பாடு எல்லாம் நமக்கு, சத்து எல்லாம் ஓடைக்கு.

இது நம்ம ஊரில் அதிகம் நடப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. நம்ம குமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடி மழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் உண்டு. அதிலும் மார்த்தாண்டம், குழித்துறை, அருமனை என்று மேற்குப் பக்கம் வர வர மழை கூடுதல். நிலமும் மேடு பள்ளம். மண்ணோ, வெட்டுக்கல் கலந்த செம்மண். இந்த மண்ணில் தண்ணீர் தங்காது, வேகமாக இறங்கிவிடும். ஆக, வருடத்துக்கு ரெண்டு தடவை நம்ம சாணத்தையும் விளையையும் மழை கழுவிக்கொண்டு போகிறது.

எந்தச் சத்து எப்படிப் போகிறது?

பயிருக்கு முக்கியமாக வேண்டியது மூன்று: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. மாடு தின்னும் தீவனத்தில் உள்ள சத்தில் ஒரு பங்குதான் பாலுக்கும் உடம்புக்கும் போகிறது. மிச்சம் வெளியே வருகிறது. மணிச்சத்து பெரும்பாலும் சாணத்தில் வரும். தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியும், சில சமயம் அதற்கு மேலும், கோமியத்தில் வரும். சாம்பல்சத்தில் பெரும்பகுதியும் கோமியத்தில்தான்.

நாம் சாணத்தை அள்ளிப் பத்திரமாக வைக்கிறோம். கோமியத்தை என்ன செய்கிறோம்? ரெண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுகிறோம். அப்படியானால் தழைச்சத்தில் பாதி எருக்குழிக்கு வராமலே போய்விட்டது. வாழைக்கு மிக அதிகமாக வேண்டிய சாம்பல்சத்தும் அதோடு போனது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தவணைக் கணக்கு போடுகிற நமக்கு இது கஷ்டம் இல்லை. ஒரு மாடு நாளைக்கு 6 லிட்டர் கோமியம் விடுகிறது என்று குறைத்தே வைப்போம். 1 லிட்டரில் 8 கிராம் தழைச்சத்து என்று வைத்தால் நாளைக்கு 48 கிராம். 365 நாளுக்கு 17 கிலோவுக்கு மேல். இதே அளவு தழைச்சத்தை வேப்பம் புண்ணாக்கில் வாங்க வேண்டும் என்றால், 100 கிலோ புண்ணாக்கில் 5 கிலோ தழைச்சத்து என்ற கணக்கில், ஏறக்குறைய 350 கிலோ வாங்க வேண்டும். 50 கிலோ மூட்டையில் 7 மூட்டை! கோமியத்திலுள்ள எல்லாவற்றையும் நம்மால் பிடித்து வைக்க முடியாது. கொஞ்சம் காற்றில் போகும், அந்த மூக்கைத் துளைக்கிற வாடை அதுதான். பாதியைப் பிடித்தாலும் 3 மூட்டை மிச்சம். இது ஒரே ஒரு மாட்டின் கணக்கு.

இனி மண்ணுக்குள் நடப்பதைப் பார்ப்போம். சாணத்திலும் கோமியத்திலும் உள்ள தழைச்சத்தை மண்ணில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சாப்பிட்டு, கடைசியில் நைட்ரேட் என்ற உப்பாக மாற்றுகின்றன. பயிர் இதை விரும்பி எடுக்கும். ஆனால் இந்த உப்பை மண் பிடித்து வைக்காது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். அந்த நேரத்தில் வேர் பக்கத்தில் இருந்தால் பயிர் குடிக்கும். வேர் இல்லை என்றால் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். சாம்பல்சத்தும் நம்ம மாதிரி மட்கு குறைந்த மண்ணில் ஓரளவு இறங்கும். மணிச்சத்தைச் செம்மண் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மேல்மண் அரித்துக்கொண்டு போனால் அதோடு மணிச்சத்தும் போகும்.

"உரக்கடை உரம்தானே கரைஞ்சு போகும், இயற்கை உரம் அப்படி இல்லையே" என்று பல பேர் நினைக்கிறோம். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் பயிற்சியில் சொல்லிக்கொண்டிருந்தோம். அது முழு உண்மை இல்லை. நன்றாக மட்கின எரு மெதுவாகத்தான் சத்தை விடும். ஆனால் பச்சைச் சாணம், கோமியம், கோழி எரு, சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் கரைசல் இவற்றில் உடனே கரையக்கூடிய சத்து நிறைய இருக்கிறது. இவற்றை நேரம் தெரியாமல், அளவு தெரியாமல் போட்டால் இதுவும் கரைந்து போகும். மழைக்கு யூரியாவும் ஒன்றுதான், கோமியமும் ஒன்றுதான்.

போகிற சத்து எங்கே போய்ச் சேருகிறது?

நஷ்டம் பணத்தோடு முடிந்தால் பரவாயில்லை. நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு கிணறு. தொழுவம், எருக்குழி, கழிப்பறைக் குழி, கிணறு எல்லாம் அஞ்சு சென்ட், பத்து சென்ட் இடத்துக்குள் அடங்கி இருக்கிறது.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு உறுப்பினர் வீட்டில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து ரெண்டு மாதம். தாய்ப்பால் போதவில்லை என்று யாரோ சொல்லி, பால்பொடி கலக்கிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கலக்கினார்கள். அந்தக் கிணற்றிலிருந்து இருபது எட்டு தூரத்தில், மேட்டுப் பக்கத்தில், சாணக் குவியல். பரிசோதனைப் பெட்டி கையில் இருந்ததால் அந்தத் தண்ணீரைச் சும்மா சோதித்துப் பார்த்தோம். நைட்ரேட் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி நிறம் காட்டியது. குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் அந்த வீட்டு அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் தினமும் கொதிக்க வச்சேனே" என்றார்.

சகோதரிகளே, இதை மட்டும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் கூடத்தான் செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதற்கு மேல் போனால் முக்கியமாகப் பாதிக்கப்படுவது 6 மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கிற குழந்தைகள். ரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் சக்தி குறைந்து, உதடும் நகமும் நீலம் பாயும். அப்படிக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு இந்தப் பயம் இல்லை, அம்மா குடிக்கும் தண்ணீரிலுள்ள நைட்ரேட் பாலில் அதிகம் இறங்குவதில்லை. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று நாம் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

குற்றவாளி மாடு மட்டும் இல்லை. கழிப்பறைக் குழியும் இதைச் செய்யும். அதனால் மாட்டை விற்றுவிட வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், தண்ணீரைப் பரிசோதிக்க ஊருக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் அந்தப் பெண்கள் யார், பெட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அந்த அம்மா வீட்டில் குவியலைக் கிணற்றுக்குக் கீழ்ப்புறம் மாற்றினோம். குழந்தைக்குக் குழாய்த் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துப் பயன்படுத்தினார்கள். கிணற்றுத் தண்ணீர் ஒரே நாளில் சரியாகாது. மண்ணில் ஊறி இருப்பது மெல்ல மெல்லத்தான் குறையும்.

நாங்களே செய்த தப்பு

இப்போது எங்கள் தப்பைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் சித்திரை மாதத்தில் கம்போஸ்ட் பயிற்சி நடத்தினோம். எல்லார் வீட்டிலும் 3 அடி ஆழத்துக்குக் குழி வெட்ட வைத்தோம். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. படமெல்லாம் எடுத்தோம். ஆனி மழை வந்தது. குழி எல்லாம் குளம் ஆயிற்று. சாணம் மிதந்தது, நாற்றம் எடுத்தது, கொசு வந்தது. "மேடம் சொன்ன குழியில தவளைதான் வெளைஞ்சுது" என்று கூட்டத்தில் சிரித்தார்கள். வலிக்கத்தான் செய்தது, ஆனால் அவர்கள் சொன்னது சரி.

அப்புறம்தான் படித்துப் பார்த்தோம். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் வேலை செய்தவர். நம் நாட்டு விவசாயிகளையும் சீன நாட்டுப் பழக்கத்தையும் பார்த்துக் கற்றுத்தான் இந்தூர் முறைக் கம்போஸ்டை உருவாக்கினார். அவர் ரெண்டு காரியம் செய்தார். ஒன்று, மழைக்காலத்தில் குழி வேண்டாம், தரைக்கு மேலே குவியலாகப் போடு என்றார். ரெண்டாவது, தொழுவத்தில் மண்தரை வைத்து, கோமியம் ஊறின அந்த மண்ணை அவ்வப்போது வெட்டி எடுத்துக் கம்போஸ்டில் சேர்த்தார்; புது மண்ணைத் தொழுவத்தில் பரப்பினார். நம்ம பாட்டிமார் தொழுவத்தில் சருகு போட்டதும் இதே காரியம்தான். சிமெண்டுத் தரை வந்த பிறகு நாம் மறந்துவிட்டோம்.

நாம் செய்யக்கூடிய ஏழு காரியங்கள்

1. கோமியத்தைப் பிடியுங்கள். ராத்திரி மாட்டின் பின்புறம் ஒரு கடவம் காய்ந்த சருகு, வைக்கோல் கூளம் அல்லது தும்புத் தூள் பரப்புங்கள். தை, மாசியில் ரப்பர் இலை உதிரும்போது சாக்கில் கட்டி வைத்தால் மழைக்காலத்துக்கு உதவும். காலையில் நனைந்ததை அள்ளி எருக் குவியலில் போட்டுவிடுங்கள். ஈரத்திலேயே மாடு படுத்தால் மடிநோய் வரும், அதனால் தினமும் மாற்ற வேண்டும். சிமெண்டுத் தரை என்றால் சரிவாக ஒரு சின்னக் கால்வாய் எடுத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் கோமியத்தைப் பிடியுங்கள். ஒரு பங்கு கோமியத்துக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து மூட்டில் ஊற்றலாம். அப்படியே ஊற்றினால் செடி கருகும்.

2. எருவுக்குக் கூரை போடுங்கள். நாலு கம்பு, முடைந்த ஓலை போதும். மேடான இடத்தில், களிமண் இடித்துக் கெட்டியாக்கின தரையில், சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு கட்டிக் குவியல் போடுங்கள். மேட்டிலிருந்து வரும் மழைத் தண்ணீர் உள்ளே புகாமல் மேல்புறம் ஒரு சால் வெட்டுங்கள். கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, கிணற்றுக்குக் கீழ்ப்புறமாக இருக்க வேண்டும்.

3. சாணத்தை மட்டும் குவிக்காதீர்கள். ஒரு அடுக்கு சருகு, ஒரு அடுக்கு சாணம், மேலே கொஞ்சம் மண். காய்ந்த சருகு கறுப்புத் தண்ணீரை உறிஞ்சும். சருகை மட்க வைக்கிற உயிர்கள் தழைச்சத்தைத் தங்கள் உடம்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுப்புச் சாம்பலைக் குவியலில் கொட்டாதீர்கள். சாம்பல் பட்டால் தழைச்சத்து வாடையாகக் காற்றில் போய்விடும். சாம்பலைத் தனியாக நனையாமல் வைத்து, நேராக வாழைக்கும் தென்னைக்கும் போடுங்கள். மாதம் ஒரு தடவை குவியலைப் புரட்டுங்கள். தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டின் புழு சாணக் குவியலில்தான் வளரும். புரட்டும்போது கோழியை அவிழ்த்து விட்டால் அதுவே பொறுக்கிவிடும்.

4. பசிக்கிற நேரத்தில் போடுங்கள். நேந்திரன் கன்று வைக்கிற அன்றே ஒரு வருடத்துச் சாணத்தையும் குழியில் தட்டினால் அதைச் சாப்பிட வேர் எங்கே இருக்கிறது? பச்சைப்பிள்ளைக்குப் பந்தி போட்ட கதைதான். நடும்போது மட்கின எரு கொஞ்சம், பிறகு 3, 5, 7-ம் மாதங்களில் பிரித்துப் போடுங்கள். தென்னைக்கு ஆனி, ஆடியில் ஒரு பங்கு, மார்கழி, தையில் ஒரு பங்கு. மூட்டை ஒட்டிக் குவிக்காமல், மூட்டிலிருந்து 5, 6 அடி தூரம் வரை பரப்பிப் போட்டு மண் மூடுங்கள். வானம் கறுத்து அடைமழை வரும் என்று தெரிந்தால் அன்றைக்குப் போட வேண்டாம். மழை கொஞ்சம் விட்டு, மண் ஈரமாக இருக்கும்போது போடுங்கள்.

5. மண்ணை மூடி வையுங்கள். நம்மாழ்வார் ஐயா (1938-2013) ஊர் ஊராகப் போய்ச் சொன்னதும் மூடாக்குதான். வாழைச் சருகு, தென்னை ஓலை, பிடுங்கின களை எல்லாம் மூட்டிலேயே கிடக்கட்டும். கதம்பையைத் தென்னந் தடத்தில் குழி வெட்டி அடுக்கிப் புதைத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்கும், சாம்பல்சத்தும் கொடுக்கும்.

6. மண்ணில் எப்போதும் வேர் இருக்கட்டும். மரச்சீனி பிடுங்கிய விளையைப் பாருங்கள். மண் கிளறிக் கிடக்கும், ஒரு செடி இருக்காது. அந்த நேரம் மழை பெய்தால் இருக்கிற சத்து எல்லாம் இறங்கிவிடும். பிடுங்கின வாரத்திலேயே சணப்போ, தக்கைப்பூண்டோ, பயறோ விதைத்து விடுங்கள். அது சத்தைப் பிடித்து வைக்கும். 40, 45 நாளில் பூக்கும்போது மடக்கிப் போட்டு, அடுத்த பயிரை நாள் கடத்தாமல் நடுங்கள். மடக்கிவிட்டு ஒரு மாதம் சும்மா விட்டால் பிடித்ததை மறுபடியும் மழைக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

7. வழிகிற இடத்தில் புல் நடுங்கள். எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தொழுவத்துக்கும் குவியலுக்கும் கீழ்ப்புறம் கோ 4, கோ 5 போன்ற கம்பு நேப்பியர் புல்லை ரெண்டு, மூணு வரிசை நடுங்கள். கசிவதைப் புல் குடிக்கும், புல்லை மாடு தின்னும், சத்து திரும்ப வீட்டுக்கே வரும். ஒரு எச்சரிக்கை: மிகவும் செழித்த இளம் புல்லை மட்டும் வயிறு நிறையப் போடாதீர்கள். அதிலும் நைட்ரேட் சேர்ந்து மாட்டுக்கு விஷமாகலாம். வைக்கோலோடு கலந்து போடுங்கள்.

வெளிநாட்டில் சட்டம் போட்டார்கள்

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. ஐரோப்பாவில் மாடும் பன்றியும் கோழியும் நிலம் தாங்காத அளவுக்குப் பெருகி, சாணத்தை வயலில் கொட்டிக் கொட்டி நிலத்தடி நீர் கெட்டது. 1991-ல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். நீர் கெடும் ஆபத்து உள்ள பகுதிகளில் கால்நடை எரு மூலமாக ஒரு எக்டேருக்கு வருடத்தில் 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. பயிர் எடுத்துக்கொள்ளாத குளிர்கால மாதங்களில் எருவை வயலில் போடவே தடை. இயற்கை விவசாயிகளுக்கும் இந்த 170 கிலோ அளவு உண்டு. அவர்களுக்குச் சாணம் அதிகமானதால் கஷ்டம். நமக்குச் சாணம் குறைவு, அதையும் மழைக்குக் கொடுப்பதால் கஷ்டம்.

நம்ம மார்த்தாண்டத்துக்கு வெளியூர்ப் பாடம் தேவையே இல்லை. 1920-களில் இங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம மேம்பாட்டு மையத்தை ஸ்பென்சர் ஹேட்ச் நடத்தியபோது, தேனீயும் கோழியும் வளர்த்து, முட்டையைக் கூட்டாகச் சேர்த்து விற்று, சின்ன வீட்டில் சின்ன வருமானத்தை எப்படி உண்டாக்குவது என்று காட்டினார்கள். நம்ம மாவட்டத்திலேயே விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டத்தில் சாண எரிவாயு, அசோலா வளர்ப்பு எல்லாம் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எரிவாயுக் கலன் வைத்திருக்கிற சகோதரிகள் ஒன்றைக் கவனிக்கணும். கலனிலிருந்து வரும் கரைசல் சாணத்தைவிட வேகமாகப் பயிருக்குச் சேரும், வேகமாகக் கரைந்தும் போகும். அதைச் சருகோடு கலந்து கூரைக்கடியில் வையுங்கள்.

இந்த மாதத் தீர்மானம்

சகோதரிகளே, நாம் கடன் வாங்கி மாடு வாங்கினோம். பால் பணம் தவணைக்குப் போகிறது. தீவனத்துக்குப் போக மிச்சம் கொஞ்சம்தான். மாட்டால் நமக்குக் கிடைக்கிற உண்மையான லாபத்தில் பெரிய பங்கு சாணத்திலும் கோமியத்திலும் இருக்கிறது. அதை ஓடைக்கு விட்டால் மாட்டின் பாதியை ஓடைக்கு விட்ட மாதிரி. அது ஓடையோடு நிற்காமல் கிணற்றுக்கும் போனால், நம்ம பேரப்பிள்ளையின் புட்டிக்கும் வந்து சேரும்.

"கூரை போட ஆம்பளைங்க வரமாட்டாங்க" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சொல்வது கேட்கிறது. அதற்குத்தான் குழு இருக்கிறது. ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர். வாரம் ஒரு வீடு என்று வைத்து எல்லாரும் சேர்ந்து ஓலை முடைந்து, கம்பு நட்டு, கூரை போட்டால் மூன்று மாதத்தில் எல்லார் வீட்டுக் குவியலும் நனையாது. செலவுக்குக் கை கடித்தால் குழுவின் உள்கடனில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே இந்த மாதக் குழுக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் எழுதுங்கள். ஒன்று, மாடு உள்ள ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் கிணற்றுக்கும் எருக் குவியலுக்கும் எத்தனை அடி என்று அளந்து தீர்மான நோட்டில் எழுதுவது. ரெண்டு, கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கிற வீட்டுக் கிணற்றை முதலில் பரிசோதிக்க ஏற்பாடு செய்வது. மூன்று, அடுத்த மழைக்கு முன் யார் யார் வீட்டில் கூரை போடுவது என்று வரிசை குறிப்பது. அடுத்த மாதம் நாங்கள் வரும்போது நோட்டைப் பார்ப்போம். நோட்டை மட்டும் இல்லை, வீட்டுப் பின்புறத்தையும் பார்ப்போம்.

முதலில் சொன்ன பாட்டி வீட்டில் இப்போது கூரை போட்டாச்சு. வாழை எப்படி வருகிறது என்று பார்க்க இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் போன மழைக்கு நாங்கள் போனபோது முற்றத்தில் கறுப்புத் தண்ணீர் ஓடவில்லை. பாட்டியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்: "பாத்தியா மக்களே, தண்ணி வெள்ளையா போகுது."

எல்லார் வீட்டு முற்றத்திலும் தண்ணீர் அப்படிப் போக வேண்டும்.